காரட்டும் கிறிஸ்துமஸும்

சென்ற டிசம்பரில் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டுக் கொண்டுவந்தாள். வகுப்பில் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஏதாவது தின்பண்டம் எடுத்து வர வேண்டும். ஆனால் அது உடம்புக்கு நல்லதாக இருக்க வேண்டும். கேக், சாக்லெட், சிப்ஸ் ஒன்றும் கூடாது. உதாரணத்துக்கென்று கீழே நாலைந்து பெயர்கள் போட்டிருந்தார்கள். முதல் பெயர், நறுக்கிய காரட்.

"காரட்டா? கிறிஸ்துமஸுக்கா அப்பா?" என்று கேட்டாள்.

குரலில் கோபம்கூட இல்லை. உலகம் போகிற போக்கைப் பார்த்துப் பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்களே, அந்த மாதிரிக் குரல். என் மனைவி, "அவர்கள் சொல்வதும் நியாயந்தானே? ஏற்கெனவே இந்த வீட்டில் ஒருத்தர் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்வது போதாதா?" என்றாள். அந்த ஒருத்தர் நான்தான். ஆகையால் இரண்டு கட்சியிலும் சேராமல் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஆனால் படிப்பு ஓடவில்லை. காரட்டையும் கிறிஸ்துமஸையும் முடிச்சுப் போட்டதில் இந்தப் பள்ளிக்கூடத்தார் முதல் பேர்வழிகள் அல்ல என்பது நினைவுக்கு வந்தது. எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தேசத்தின் சர்க்காரே அந்தக் காரியத்தைச் செய்தது. அதுவும் சும்மாச் செய்யவில்லை. மந்திரி, விஞ்ஞானி, ரேடியோ, பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு செய்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். கிறிஸ்துமஸ் என்றால் தித்திப்பு என்று எப்படி ஆயிற்று? ஐரோப்பாவின் வடபாகத்தில் டிசம்பர் மாதத்தில் மரத்தில் இலைகூட இராது. அந்தக் காலத்தில் உலர்ந்த திராட்சையும், இலவங்கப் பட்டையும், ஜாதிக்காயும், ஆரஞ்சும் வெயில் தேசங்களிலிருந்து கப்பலேறி வந்தாக வேண்டும். வந்தால் விலை அதிகம். அதனாலேயே அவை பண்டிகைக்கு உரியவை ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் குழந்தை கிறிஸ்துமஸ் காலையில் எழுந்து, கட்டிலில் தொங்கவிட்ட காலுறையைத் துழாவினால், அதன் நுனியில் உருண்டையாக ஓர் ஆரஞ்சு அகப்படும். அதை வைட்டமின் சி என்று யாரும் கொடுக்கவில்லை. வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது. அகப்படாத பொருள், ஆகவே பரிசு, அவ்வளவுதான். குழந்தைகள் பழத்தை விரும்புவதில்லை என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி யுத்தத்துக்கு வருவோம். 1939 செப்டம்பரில் பிரிட்டன் ஜெர்மனியோடு போர் தொடுத்தபோது, அந்தத் தீவு தன் ஆகாரத்தில் பெரும்பகுதியைக் கடல் வழியாகத்தான் வரவழைத்துக்கொண்டிருந்தது. சர்க்கரை, பழம், வெண்ணெய், கோதுமை எல்லாம் கப்பல் சரக்கு. ஜெர்மானியரின் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் குறி வைத்தன. 1940 ஜனவரி 8-ம் தேதி ரேஷன் வந்தது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. சர்க்கரை தலைக்கு வாரம் 12 அவுன்ஸ் என்று ஆரம்பித்துச் சில மாதங்களில் 8 அவுன்ஸாகக் குறைந்தது. நம் கணக்கில் கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு சர்க்கரைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு வந்தது. கேக் சுட்ட பிறகு அதன் மேல் சர்க்கரை பூசக் கூடாது! கல்யாணக் கேக்குக்குக்கூட இடமில்லை. கடைக்காரர்கள் அட்டையால் ஒரு கூடு செய்து, வெள்ளை அடித்து, பூ வேலை எல்லாம் வைத்து வாடகைக்குக் கொடுத்தார்கள். புகைப்படம் எடுக்கும் வரைக்கும் அது கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். படம் எடுத்த பிறகு கூட்டைத் தூக்கினால் உள்ளே சின்னதாக, பழுப்பாக, வெட்கப்பட்டுக்கொண்டு நிஜக் கேக் இருக்கும். நவம்பரில் வாழைப்பழ இறக்குமதியும் நின்றது. ஆரஞ்சு எப்போதாவது வந்தால் சிறு குழந்தைகளுக்குத்தான் முதல் உரிமை.

உணவு மந்திரியாக வந்தவர் உல்டன் பிரபு. பரம்பரைப் பிரபு அல்ல. லூயிஸ் என்ற பெரிய கடைகளை நிர்வாகம் செய்து முன்னுக்கு வந்தவர். அதாவது, சரக்கு விற்கத் தெரிந்தவர். இது முக்கியம். அவருக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்தவர் ஸர் ஜாக் டிரம்மண்ட். வைட்டமின் என்று சொன்னேன் அல்லவா, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசியில் முதலில் ஓர் எழுத்து அதிகமாக இருந்தது. 1920-ல் அந்த வாலை நறுக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். பாவம், யுத்தத்துக்குப் பிறகு 1952-ல் மனைவியோடும் பெண்ணோடும் பிரான்ஸுக்கு உல்லாசப் பயணம் போன இடத்தில் மூவரும் கொலையுண்டார்கள். அது வேறு கதை.

ஆலோசகர் சொன்னது இதுதான்: கொஞ்சமாக இருக்கும் ஆகாரத்தைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் கொடுத்துவிட வேண்டும், மண்ணில் விளைவதை எல்லாரும் நிறையத் தின்ன வேண்டும். இங்கிலாந்து மண்ணில் உருளைக்கிழங்கும் காரட்டும் நன்றாக விளையும். 1942 தொடக்கத்தில் ஒரு லட்சம் டன் காரட் மிஞ்சிக் கிடந்தது. மந்திரி என்ன செய்வார்? கடைக்காரர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். பத்திரிகைகளில் "டாக்டர் காரட்" என்று ஒரு பாத்திரம் தோன்றிற்று. கையில் வைட்டமின் ஏ என்று எழுதிய பையோடு ஒரு காரட் நடந்து வரும். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி கம்பெனியின் சித்திரக்காரர் ஒருவர் ஒரு காரட் குடும்பத்தையே வரைந்து அனுப்பினார். காலையில் செய்தி முடிந்ததும் ரேடியோவில் ஐந்து நிமிஷம் சமையல் பேச்சு. இரவில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்திய கன்னிங்ஹாம் என்ற விமானிக்குப் "பூனைக் கண்" என்று பெயர் வைத்து, காரட் தின்றதால்தான் அவருக்கு இருட்டில் கண் தெரிகிறது என்று கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் விமானத்துக்குள் ராடார் இருந்தது. விளக்கணைத்த தெருக்களில் முட்டிக்கொண்டு நடந்த ஜனங்கள் அதை நம்பிக் காரட் தின்றார்கள்.

குழந்தைகளுக்கு? குச்சியில் செருகிய காரட். ஐஸ்கிரீம் கிடைக்காத கடைவாசலில் பையன்கள் காரட்டைக் குச்சியோடு பிடித்துக் கடிக்கிற 1941-ம் வருஷத்துப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் புகைப்படக்காரர் நிற்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இந்த நிலையில் கிறிஸ்துமஸ் வந்தது. ஒரு வருஷம் அல்ல, வருஷா வருஷம் வந்தது. 1940 டிசம்பரில் லண்டன்காரர்கள் குண்டுக்குப் பயந்து சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்தபோது, பதுங்கு இடங்களிலேயே காகிதச் சங்கிலி ஒட்டித் தொங்கவிட்டுக் குழந்தைகளுக்கு விருந்து வைத்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் விருந்து நிற்கவில்லை. அம்மாமார்கள் தங்கள் ரேஷனில் மிச்சம் பிடித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். ஒருத்தி கொஞ்சம் மார்கரின், ஒருத்தி இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒருத்தி திராட்சை வற்றல்.

மேஜையில் என்ன இருந்தது? பழுப்பு ரொட்டிக்கு நடுவே மீன் விழுது தடவிய சாண்ட்விச் இருந்தது. சக்கை நீக்காத மாவில் செய்த அந்த ரொட்டியை அன்றைக்கு எல்லாரும் திட்டினார்கள். இன்றைக்கு அதையே இரட்டை விலை கொடுத்து வாங்குகிறோம். காரட்டைத் துருவிப் போட்ட புட்டிங் இருந்தது. காரட்டில் இயற்கையாகத் தித்திப்பு உண்டு, சர்க்கரை மிச்சமாகும். காரட்டையும் ஜெலட்டினையும் ஆரஞ்சு எஸென்ஸையும் சேர்த்துக் கிளறி, துண்டு போட்டு, அதற்கு ஃபட்ஜ் என்று பெயர் சூட்டினார்கள். கேக்குக்கு முட்டை வேண்டுமே! 1942 முதல் அமெரிக்காவிலிருந்து முட்டைப் பொடி வந்தது. பாதாம் விழுது அகப்படாததால் சோயா மாவில் மார்கரினும் பாதாம் எஸென்ஸும் கலந்து பிசைந்தார்கள். வாழைப்பழம் இல்லாததால் பார்ஸ்னிப் என்று ஒரு கிழங்கு, வெளுத்துப் போன காரட் மாதிரி இருக்கும், அதை வேகவைத்து மசித்து வாழைப்பழ எஸென்ஸ் விட்டு ரொட்டியில் தடவினார்கள்.

உணவு இலாகாவின் யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் புட்டிங்கின் மேல் ஹாலி இலைக் கொத்து ஒன்று செருகுவது அவர்கள் வழக்கம். அதன் மேல் பனி படிந்தாற்போல் இருந்தால் அழகு. சர்க்கரைத் தூள் தூவலாம் என்றால் சர்க்கரை ஏது? ஆகவே, இலைக் கொத்தை எப்சம் உப்புக் கரைசலில் கெட்டியாக முக்கி எடுத்து உலர்த்துங்கள், பனி மாதிரி மின்னும் என்று சொன்னார்கள். எப்சம் உப்பு என்பது பேதிக்குக் கொடுக்கிற மருந்து! சர்க்காரின் யோசனையை நம்பி, எந்தப் பையனாவது அந்த இலையை நக்கிப் பார்த்திருந்தால் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. போலி வாழைப்பழம் யாரை ஏமாற்றிற்று? 1940-ல் கைக்குழந்தையாக இருந்தவன் 1944-ல் பள்ளிக்கூட விருந்தில் உட்காருகிறான். அவன் நிஜ வாழைப்பழத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவனுக்கு அது போலி அல்ல, அதுதான் வாழைப்பழம். நாக்கில் வித்தியாசம் தெரிந்தது எல்லாம் அவன் அம்மாவுக்குத்தான். அந்த மேஜைகளைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் பெரியவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைகளுக்குக் காகிதத் தொப்பி இருந்தது, கூச்சல் இருந்தது, அன்றைக்குப் பாடம் இல்லை. ஆனால் எட்டு வயதுப் பெண்ணை அப்படிச் சமாதானம் செய்ய முடியாது. அவளுக்கு யுத்தத்துக்கு முந்திய சாக்லெட் ஞாபகம் இருக்கும்.

மிட்டாய்க்கும் ரேஷன் வந்துவிட்டது. 1942 ஜூலை 26-ம் தேதி. அளவு ஏறி இறங்கிக் கடைசியில் பெரும்பாலும் வாரத்துக்கு 3 அவுன்ஸ் என்று நின்றது. 85 கிராம். ஒரு வாரத்துக்கு! குழந்தைகள் அதை எண்ணி எண்ணி வைத்துக்கொண்டார்கள். ஒரு மிட்டாயை வாயில் போட்டு, கொஞ்சம் சப்பி, எடுத்துக் காகிதத்தில் சுற்றி மறுநாளைக்கு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நம் பாட்டிமார்கள் கண்டிருந்தால் எச்சில் என்று கத்தியிருப்பார்கள்.

சர்க்கார் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ள மட்டும் செய்யவில்லை. குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் பழச்சாறும் கொடுத்தார்கள். ஆரஞ்சு வராத குறைக்கு வேலியோரத்துக் காட்டு ரோஜாவின் காயைப் பறித்துப் பாகு காய்ச்சினார்கள். அந்தக் காயில் ஆரஞ்சைக் காட்டிலும் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. பறித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எடைக்குக் காசு கொடுத்தார்கள். காசோடு பிள்ளைகளுக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. காயைப் பிளந்தால் உள்ளே பூனை மயிர் மாதிரிச் சுணை இருக்கும். அதை எடுத்து முன் பெஞ்சிக்காரன் சட்டைக் காலருக்குள் போட்டால் பாதி நாள் அவன் சொறிந்துகொண்டிருப்பான்.

அமெரிக்கச் சிப்பாய்கள் வந்த பிறகு, 1942 முதல், நிலைமை சில இடங்களில் மாறிற்று. அவர்கள் தங்கள் பங்கு மிட்டாயைச் சேர்த்து வைத்து, முகாமுக்குப் பக்கத்து ஊர்க் குழந்தைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார்கள். அங்கே காரட் இல்லை. ஐஸ்கிரீமும் சாக்லெட்டும் இருந்தன. தொண்டுக் கிழவர்களானபின்பும் அந்த விருந்துகளை விவரிக்கிறார்கள் அந்தக் குழந்தைகள். டாக்டர் காரட்டை அவர்கள் மறக்கவில்லை, ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது கண் அப்படி விரிவதில்லை.

யுத்தம் 1945-ல் முடிந்தது. அந்த டிசம்பர் 30-ம் தேதி ஜமெய்க்காவிலிருந்து திலாப்பா என்ற கப்பல் ஒரு கோடி வாழைப்பழங்களோடு ஏவன்மவுத் துறைமுகத்துக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் தாமதம்! பழம் சிறுவர் சிறுமியருக்குத்தான் என்று ஒதுக்கினார்கள். எப்படி உரிப்பது என்று தெரியாமல் விழித்த குழந்தைகள் பல பேர். எவலின் வா என்ற பேர்போன நாவலாசிரியர் வீட்டுக்கு மூன்று பழங்கள் வந்தனவாம். அவருக்கு அப்போது மூன்று குழந்தைகள் வீட்டில். மூன்று பழத்தையும் தம் தட்டில் வைத்துக்கொண்டு, கிடைத்தற்கரிய பாலேட்டையும் ரேஷன் சர்க்கரையையும் மேலே கொட்டி, குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க அவரே தின்று முடித்தார் என்று அவருடைய மகன் ஆபெரன் வா பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒழுக்கத்தைப் பற்றி அப்பா எது சொன்னாலும் தம்மால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நாவலாசிரியர்களைத் தகப்பனாராகக் கொண்ட குழந்தைகள் என்னென்ன எழுதி வைப்பார்களோ! அதிலிருந்து நான் வீட்டில் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன்.

யுத்தம் முடிந்தும் மிட்டாய் ரேஷன் முடியவில்லை. 1949 ஏப்ரலில் எடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். நாலு மாதம் தாங்கவில்லை, ஆகஸ்டில் மறுபடியும் ரேஷன். கடைசியாக 1953 பிப்ரவரி 5-ம் தேதி விடுதலை. பையன்கள் உண்டியலை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். அலுவலகத்துக்குப் போகிறவர்களும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வரிசையில் நின்றார்கள். லண்டனில் கிளாபம் காமன் பகுதியில் ஒரு கம்பெனி, பள்ளிக்கூடம் விட்ட இடைவேளையில் 800 குழந்தைகளுக்கு 150 பவுண்டு குச்சி மிட்டாயை இனாமாக வழங்கிற்று. அன்று மிக அதிகமாக விற்ற பண்டங்களில் ஒன்று, ஆப்பிளைக் குச்சியில் குத்திச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்தது. குச்சியில் காரட் தின்ற தலைமுறைக்குத் தம்பிமார்கள் அவர்கள். அவ்வருஷம் செப்டம்பரில் சர்க்கரைக்கும் கட்டு நீங்கிற்று. சராசரி ஒரு மனிதர் நாளொன்றுக்குத் தின்ற சர்க்கரை சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமுக்குத் தாவியது.

இது வரைக்கும் குழந்தைகள் பக்கம் நின்று பேசிக்கொண்டு வந்தேன். இனிமேல்தான் எனக்குச் சங்கடம்.

2024 அக்டோபரில் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பிரிட்டனில் 1951 அக்டோபர் முதல் 1956 மார்ச் வரை பிறந்த சுமார் 60,000 பேருடைய உடல்நலக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். சிலர் கருவில் இருந்ததும் தவழ்ந்ததும் ரேஷன் காலத்தில். சிலர் ரேஷன் நீங்கிய பிறகு உண்டானவர்கள். ஊர் அதே, ஜனங்கள் அதே, சில மாதங்கள் முன்பின், அவ்வளவுதான் வித்தியாசம். ஐம்பது அறுபது வயதில் பார்த்தால், ஆரம்பத்தில் சர்க்கரை காணாதவர்களுக்கு நீரிழிவு சுமார் 35 சதவிகிதம் குறைவு. ரத்தக் கொதிப்பு 20 சதவிகிதம் குறைவு. வியாதி வந்தவர்களுக்கும் ஒன்று நாலு வருஷம் தள்ளி வந்தது, மற்றது இரண்டு வருஷம் தள்ளி வந்தது.

பள்ளிக்கூட விருந்தில் காரட் தின்றவர்கள் அல்ல இவர்கள், அவர்களைவிட இளையவர்கள் என்பது நிஜம். ஆராய்ச்சி சொல்வது தொட்டில் காலத்தைப் பற்றி. எட்டு வயதில் தின்கிற ஒரு துண்டுக் கேக்கைப் பற்றி அல்ல. இருந்தாலும் அந்த நாலு வருஷத்தை என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. எனக்கு நாற்பத்திரண்டில் வந்தது. நாற்பத்தாறில் வந்திருந்தால்? நாலு தீபாவளி, நாலு பொங்கல், மனைவிக்குத் தெரியாமல் தின்ன வேண்டிய அவசியம் இல்லாமல் நாலு வருஷம். அந்தக் குழந்தைகளை யாரும் கேட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுகூடச் சம்மதித்திராது. அவர்களுடைய தாய்மாரும் கண்ணீர் விட்டுக்கொண்டுதான் செய்தார்கள். யாரும் வேண்டாமல், யாருக்கும் தெரியாமல், நீர்மூழ்கிகளும் வரிசைகளும் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு நன்மை செய்துவிட்டுப் போயின. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. யுத்தத்தை வாழ்த்த முடியுமா?

ஒரு வித்தியாசம் மாத்திரம் தெளிவாகத் தெரிகிறது. உல்டன் பிரபு காரட்டைச் சீட்டில் எழுதி அனுப்பவில்லை. அதற்குப் பெயர் வைத்தார், படம் போட்டார், குச்சியில் செருகினார். ஒரு தேசமே குழந்தைகளுக்காக அவ்வளவு மெனக்கெட்டது. மேலும் அன்றைக்கு யார் தட்டிலும் சாக்லெட் இல்லை, மந்திரி தட்டிலும் இல்லை. தெருக்கோடியில் கேக் கடை விளக்குப் போட்டு மினுக்கும்போது, "நீ மட்டும் காரட் தின்னு" என்று சொல்வதற்கு அந்த மந்திரிக்கும் தைரியம் வந்திராது.

எங்கள் வீட்டில் என்ன முடிவாயிற்று என்று கேட்பீர்கள். மனைவி சொன்னபடியும் ஆகவில்லை, மகள் சொன்னபடியும் ஆகவில்லை. நான்தான் மார்க்கெட்டுக்குப் போய் கமலா ஆரஞ்சு ஒரு டஜன் வாங்கி வந்தேன். முதல் நாள் ராத்திரி ஒவ்வொன்றுக்கும் வர்ணக் காகிதத்தில் ஒரு தொப்பி செய்து ஒட்டினோம். எனக்குக் காகிதத் தொப்பி செய்ய வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று தொப்பி கோணலாகப் போயிற்று. அவற்றைப் பின்னால் தள்ளி வைத்தாள்.

சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. கூடவே இன்னொரு சீட்டும் வந்தது. என் மகளும் இரண்டு சிநேகிதிகளும் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து வகுப்புப் பையன்கள் கண்ணில் பீச்சி அடித்தார்களாம். பெற்றோர் வந்து பார்க்க வேண்டுமாம்.